வழக்கு வருமுன் வகுப்பு: நீலகிரியில் சட்ட உதவி அமைப்புகள் செய்யும் இன்னொரு வேலை

இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தாலும் இரண்டு வழக்குகளைப் படிக்காமல் வெளியே வர முடியாது. ஒன்று, கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு. 1995-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 டிசம்பர் 12-ல் வந்த அதன் இடைக்கால உத்தரவு, அகராதியில் ‘காடு’ என்றால் என்னவோ அது அத்தனையும் சட்டத்துக்கும் காடுதான் என்று சொன்னது. மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் அங்கே வேறு வேலை நடக்கக் கூடாது என்று நாடு முழுவதையும் கட்டியது. மற்றொன்று ஐ.ஆர். கொயல்ஹோ வழக்கு. நீதிமன்றம் தலையிடாதபடி அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் ஒரு சட்டத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டாலும் நீதிமன்றம் அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு அது.

இரண்டுக்கும் மூலம் ஒரே ஊர்ப்பக்கம், நம் கூடலூர். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் கையில் பரம்பரை உரிமையாக இருந்த ஜென்ம நிலமும் அதன் மேல் நின்ற மரங்களும்தான் அந்த வழக்குகளின் வேர். 1969-ல் தமிழக அரசு கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வர 1974 ஆயிற்று. சுமார் 80,000 ஏக்கரைப் பற்றிய சட்டம் அது. தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்த நிலங்களை என்ன செய்வது என்பதை அதன் 17-வது பிரிவு பிற்பாட்டுக்கு விட்டுவைத்தது. அந்தப் பிற்பாடு பல இடங்களுக்கு இன்னும் வரவில்லை.

பந்தலூர்ப் பக்கம் ஒரு சிறிய டிரஸ்ட் நடத்தும் மாலை வகுப்புக்குக் கொஞ்ச காலமாகப் போய் உட்கார்ந்து வருகிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை. இரண்டு வக்கீல்கள், நான்கைந்து ஊர்ப் பிள்ளைகள், ஒரு பழைய ஜீப். இவ்வளவுதான் அவர்களுடைய அமைப்பு. முதல் நாள் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் வீடு எங்கே என்று கேட்டேன். “செக்‌ஷன் பதினேழு, சார்” என்றான். ஊர்ப்பேர் சொல்லவில்லை, பிரிவு எண்ணைச் சொன்னான். பட்டா கிடையாது, அதனால் கரண்ட் இணைப்பு இல்லை, மண்ணெண்ணெய் விளக்கில் படிக்கிறான். பேசத் தொடங்கிய நாளிலிருந்து காதில் விழுந்த சொல் அது. அது எந்தச் சட்டத்தின் பிரிவு, யார் போட்டது, எதற்காகப் போட்டது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவனுடைய அப்பாவுக்கும் தெரியாது.

சட்ட உதவி என்றதும் இலவச வக்கீல்தான் நம் நினைவுக்கு வருகிறார். கேஸ் வந்த பிறகு கோர்ட்டில் பக்கத்தில் நிற்கிற ஆள். அந்த வேலை தேவையானது, மறுப்பதற்கில்லை. ஆனால் மலையில் பெரும்பாலான இழப்புகள் கோர்ட்டு வரைக்கும் வருவதே இல்லை. இ-சேவை மையத்தின் கவுன்ட்டரிலோ பள்ளிப் பதிவேட்டிலோ ஆஸ்பத்திரிச் சீட்டிலோ அவை நடந்து முடிந்துவிடுகின்றன. அதனால்தான் இங்கே சட்ட உதவி அமைப்புகள் இளைஞர்களுக்கும் ஊர்மக்களுக்கும் பாடம் எடுப்பதைக் கிளை வேலையாக நான் பார்க்கவில்லை. அதுதான் முதல் வேலை என்பது என் முடிவு.

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் 39அ என்ற பிரிவு வந்தது. பணமில்லை என்பதற்காக எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, இலவச சட்ட உதவிக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அதை நடைமுறைப்படுத்த 1987-ல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. 1995 நவம்பர் 9 முதல் அமலில் இருக்கிறது. டெல்லியில் தேசிய ஆணையம், சென்னையில் மாநில ஆணைக்குழு, உதகையில் மாவட்ட ஆணைக்குழு, தாலுகாக்களில் வட்டக் குழுக்கள் என்று இறங்கி வரும் அமைப்பு அது. வழக்கு நடத்தித் தருவதோடு மக்களிடையே சட்ட அறிவைப் பரப்புவதும், அடித்தட்டில், குறிப்பாகத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், தொழிலாளர்களிடையே வேலை செய்கிற தொண்டு நிறுவனங்களைச் சேர்த்துக்கொள்வதும் கடமை என்று அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவே எழுதிவைத்திருக்கிறது. குறிப்பிட்ட திட்டங்களுக்கு அந்த நிறுவனங்களுக்கு நிதி தரவும் அதில் இடம் உண்டு.

இதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. அதுவும் ஒரு மலைநாட்டு வழக்குதான். அருணாசலப் பிரதேசத்தில் சுக்தாஸ் என்ற அரசு ஊழியர், அதிகாரி ஒருவரை மிரட்டினார் என்ற குற்றச்சாட்டில் வக்கீலே இல்லாமல் விசாரிக்கப்பட்டு இரண்டு ஆண்டு தண்டனை பெற்றார். அவர் வக்கீல் வேண்டும் என்று கேட்கவில்லையே என்றது உயர் நீதிமன்றம். 1986-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஏழைக்கும் எழுத்தறியாதவனுக்கும் தனக்கு அப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாது, தெரியாததை அவன் எப்படிக் கேட்பான் என்பதுதான் நீதிபதி பகவதி எழுதிய அந்தத் தீர்ப்பின் மையம். சட்ட அறிவைப் பரப்புவது சட்ட உதவி இயக்கத்தின் முக்கியமான வேலை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. சட்டம் தெரியாது என்பது யாருக்கும் சாக்காகாது என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அப்படிச் சொல்கிற அரசு அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கொடுக்கவும் கடமைப்பட்டது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

1987 சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பழங்குடியினர், தாழ்த்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. ஒரு பணியர் பாடிக்குள், அதாவது அந்தப் பழங்குடியினரின் குடியிருப்புக்குள், நுழைந்தால் அங்கே இருக்கிற ஒவ்வொருவரும் இதற்கு உரியவர்கள். வருமானச் சான்றுகூடத் தேவையில்லை. ஆனால் பந்தலூரிலிருந்து உதகைக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். போக வர ஒரு நாள் கூலி போய்விடும். 15100 என்று ஓர் இலவச உதவி எண் இருக்கிறது. பல பாடிகளில் மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல்.

இந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் சட்ட தன்னார்வலர்கள் என்ற ஏற்பாடு 2009-ல் வந்தது. அந்தந்த ஊர் ஆட்களையே தேர்ந்தெடுத்து, அடிப்படைச் சட்டங்களில் பயிற்சி கொடுத்து, ஊருக்கும் ஆணைக்குழுவுக்கும் நடுவில் நிறுத்துவது. வேலை செய்த நாளுக்கு ஒரு மதிப்பூதியம் உண்டு. பழங்குடியினர் உரிமைகளுக்கென்றே தேசிய ஆணையம் 2015-ல் தனித் திட்டம் வகுத்தது. பள்ளிகளில் சட்ட விழிப்புணர்வு மன்றங்கள் தொடங்கச் சொல்லியும் இருக்கிறார்கள். காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நடப்பில் மிகுதியாகப் பார்ப்பது முகாம். சமுதாயக் கூடத்தில் பேனர், மைக், வரவேற்புரை, நீதிபதி ஒருவரின் நல்ல பேச்சு, துண்டறிக்கை, டீ, பிஸ்கட். அதில் பேசுகிறவர்கள் அக்கறையோடுதான் பேசுகிறார்கள், நான் பலரைக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு மணி நேரத்தில் எட்டுச் சட்டம் சொன்னால் எதுவும் தங்காது. அதுவும் மேடைத் தமிழில். பணியருக்குத் தனி மொழி, காட்டுநாயக்கருக்குத் தனி மொழி. வாதி, பிரதிவாதி, முறையீடு என்று அடுக்கினால் முன்வரிசைப் பாட்டிமார்கள் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். பிறகு ஜீப் கிளம்பிவிடும்.

சிறிய டிரஸ்ட்களின் பங்கு இந்த இடத்தில்தான் வருகிறது. அவர்கள் அடுத்த வாரமும் வருகிறார்கள். நான் போகும் வகுப்பு வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு, தேயிலைத் தோட்டத்து வேலை முடிந்து எல்லோரும் வந்த பிறகு. ஒரு மாதம் முழுக்க ஒரே விஷயம். நான் முதலில் பார்த்தது சாதிச்சான்றுப் பாடம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலையில் ஒரு பிள்ளையின் படிப்பு எங்கே நின்றுபோகிறது என்று தெரிய, இதைவிட நல்ல இடம் இல்லை.

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள். ஆறும் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் பட்டியலில் இருப்பவை. மற்றவர்களுக்குத் தாசில்தாரோ துணைத் தாசில்தாரோ சான்று தரலாம். பழங்குடியினருக்கு 1989 நவம்பருக்குப் பிறகு கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் கையெழுத்து வேண்டும். போலிச் சான்றுகள் பெருகியதால் வந்த கெடுபிடி இது. மகாராஷ்டிரத்து மாதுரி பாட்டீல் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழுக்கள் வேண்டும் என்று சொன்ன பிறகு பிடி இன்னும் இறுகியது. போலியைத் தடுக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பாரம் முழுவதும் உண்மையான பழங்குடிப் பிள்ளையின் தலையில் இறங்குகிறது. பெற்றோரின் சான்றைக் கொண்டுவா என்பார்கள். பெற்றோர் பள்ளிக்கூடமே போனதில்லை, சான்று வாங்கும் அவசியமே அவர்களுக்கு வந்ததில்லை. குடும்பத்தில் முதல்முதலாகப் பத்தாவது எட்டிய பிள்ளைதான் முதல்முதலாகச் சான்று கேட்கிற பிள்ளையும். உதவித்தொகையும் கல்லூரி இடஒதுக்கீடும் அந்த ஒரு தாளில் தொங்குகின்றன.

வகுப்பில் ஒரு பெண்ணின் பள்ளிச் சான்றிதழைக் காட்டினார்கள். இனம் என்ற இடத்தில் ‘பனியன்’ என்று எழுதியிருந்தது. பணியன் என்று இருக்க வேண்டியது. ஒரு ணகரம் மாறிப் போனதில் ஓர் இனத்தின் பேரே உடுப்பின் பேராகிவிட்டது. ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது யாரோ அவசரத்தில் எழுதியது, பத்து வருடம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தெரியும், ஆனால் அது தப்பு என்று சொல்ல தனக்கு உரிமை உண்டு என்று தெரியவில்லை. இதைச் சொன்னபோது அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

அன்றைய பாடம் வம்சாவளி வரைவது. சார்ட் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்துப் பிள்ளைகளைப் பாட்டிமார்களிடம் அனுப்பினார்கள். பாட்டியின் பெயர், அவளுடைய அம்மாவின் பெயர், எந்தப் பாடியிலிருந்து கட்டிக் கொண்டுவந்தார்கள், யார் யாருக்குத் தாய்மாமன். ஒரு பாட்டி ஐந்து தலைமுறை சொன்னார். பேரன் எழுதி முடிக்க ஒரு தாள் போதாமல் இரண்டாவதை ஒட்டினான். அந்தத் தாளைப் பிறகு சுத்தமாக நகல் எடுத்து, ஊர் மூப்பனின் கைநாட்டு வாங்கி, ஏற்கெனவே சான்று பெற்ற உறவினர் ஒருவரின் நகலைச் சேர்த்து, விண்ணப்பத்தோடு இணைத்தார்கள். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரணைக்கு வரும்போது கையில் கொடுக்க ஓர் ஆதாரம். பள்ளிக்கூட வீட்டுப்பாடம் போலத் தொடங்கி அரசு ஆவணமாக முடிந்தது. அந்தப் பிள்ளைகள் இனி அடுத்த வீட்டுக்கும் இதைச் செய்து கொடுப்பார்கள். வக்கீல் வரத் தேவையில்லை.

வன உரிமைச் சட்டத்திலும் இதே வழிதான் செல்லுபடியாகிறது. 2006-ல் இயற்றி 2007 டிசம்பர் 31 முதல் அமலுக்கு வந்த சட்டம் அது. 2005 டிசம்பர் 13-க்கு முன் பழங்குடியினர் வாழ்ந்து பயன்படுத்திய வன நிலத்துக்கு, குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை தருகிறது. மனுவை முதலில் பரிசீலிப்பது கிராம சபை. அதன் விதிகள் ஆதாரமாக எதை ஏற்கச் சொல்கின்றன தெரியுமா? பழைய வீட்டின் தடம், கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம், மனுதாரர் அல்லாத பெரியவர்கள் சொன்னதை எழுதிவைத்த வாக்குமூலம். எழுத்தறியாத பாட்டியின் சொல்லுக்கு இந்த நாட்டில் சட்டம் இவ்வளவு மதிப்பு கொடுத்த இடம் வேறு அதிகமில்லை. ஆனால் அதை எழுத ஒரு கை வேண்டும். படித்த பேரப்பிள்ளைகள்தான் அந்தக் கை. அவர்களுக்கு அந்த விதியைப் படித்துக் காட்டுவதுதான் டிரஸ்ட் செய்கிற வேலை. கூடலூரில் இந்த மாதிரி வேலைக்கு ஒரு மரபும் உண்டு. 1988 டிசம்பர் 5 அன்று ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நிலம் கேட்டு இதே ஊர்த் தெருவில் ஊர்வலம் போனார்கள். அதை நடத்திய ஆதிவாசி முன்னேற்ற சங்கத்துக்குப் பின்னால் ஊர் ஊராக நடந்த பேச்சும் பயிற்சியும் இருந்தன.

இதைவிடக் கடினமான பாடம் ஒன்று இருக்கிறது. அதை எடுக்கப் பலர் தயங்குகிறார்கள். பாடிகளில் பதினாறு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் விரும்பிச் சேர்ந்து வாழத் தொடங்குவதுண்டு. இரு வீட்டாரும் ஏற்றுக்கொள்வார்கள். பெண் கருவுற்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவாள். அங்கே வயது கேட்டுப் பதிவார்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்க வந்த 2012-ன் போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே கிடையாது. தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாமல் இருந்தால் ஆஸ்பத்திரிக்காரர் மேலேயே குற்றம். ஆகவே அவர்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். பையன் சிறைக்குப் போகிறான், வழக்கு உதகை மகளிர் நீதிமன்றத்துக்குப் போகிறது. பெண் கைக்குழந்தையோடு சாட்சி சொல்ல மலையேறுகிறாள். தான் என்ன தவறு செய்தோம் என்று கடைசி வரைக்கும் விளங்காத பையன்களை டிரஸ்ட் வக்கீல்கள் சந்தித்திருக்கிறார்கள்.

அதற்காகப் போக்சோவைப் பிள்ளைகளுக்கு விரோதமான சட்டமாகச் சொல்லிக் கொடுக்க முடியாது, கூடவும் கூடாது. தோட்டங்களிலும் விடுதிகளிலும் பேருந்திலும் பிள்ளைகள் சீண்டப்படுகிறார்கள். அவர்களுக்கு இருக்கிற பெரிய காப்பு இந்தச் சட்டம். ஆகவே இந்தப் பாடத்துக்கு ஒரு மாதம் போதாது. பெண் பிள்ளைகளுக்குத் தனியாக, பையன்களுக்குத் தனியாக, பிறகு பெற்றோரோடு சேர்த்து. யாராவது தொட்டால் யாரிடம் சொல்வது என்பதை ஒரு வாரம். பதினெட்டு என்ற எண் ஏன் இருக்கிறது என்பதை மறு வாரம். “எங்க வழக்கம் வேற, அக்கா” என்று ஒரு பையன் சொன்னான். தன்னார்வலர் பெண் அதே பாடியைச் சேர்ந்தவர். “எனக்கும் அதே வழக்கம்தான் தம்பி. என் தம்பி ஒன்பது மாசம் உள்ள இருந்தான்” என்றார். அதற்கு மேல் அன்று விளக்கம் தேவைப்படவில்லை. நூறு துண்டறிக்கை செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்ததைப் பார்த்தேன்.

இலங்கையிலிருந்து வந்த தாயகம் திரும்பியோர் குடும்பங்களின் சிக்கல் வேறு மாதிரி. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்டது. அவர்களில் பலர் நீலகிரியின் அரசு தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். தாத்தா கொண்டுவந்த குடும்ப அட்டை மக்கிப் போயிருக்கும், பூர்வீக ஊர் எது என்று கேட்டால் பேரனுக்குத் தெரியாது. லைன் வீட்டில் நடக்கிற வகுப்பில் முதல் பாடமே அந்த அட்டையை எப்படிப் பாதுகாப்பது என்பதுதான்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? டிரஸ்ட் பெயரில் கோர்ட்டில் வக்காலத்து போட முடியாது, பார் கவுன்சிலில் பதிவு செய்த வக்கீல்தான் நிற்க முடியும். கட்டணத்தில் வக்கீல் அல்லாதவருக்குப் பங்கும் தர முடியாது. ஆக, வழக்கு நடத்தி டிரஸ்ட் பிழைக்க வழியில்லை, நன்கொடைதான் கதி. வருமான வரிச் சட்டம் ‘அறப்பணி’ என்பதற்குள் ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம் என்று பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சட்ட உதவிக்குத் தனிப் பெயர் இல்லை, ஏழைகளுக்கு உதவி என்றோ பொதுநலன் என்றோதான் நிற்க வேண்டும். கல்வி என்று எழுதினாலும் ஒரு கேள்வி உண்டு. லோக சிக்ஷண டிரஸ்ட் வழக்கில் 1975-ல் உச்ச நீதிமன்றம், கல்வி என்றால் ஒழுங்குமுறையாகக் கற்பிப்பது, ஏதோ அறிவு பெறுவதெல்லாம் அதில் சேராது என்றது. முகாமைவிட வாராந்திர வகுப்புக்கு இப்படியும் ஒரு பலம் இருக்கிறது.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் எளிதாகக் கிடைக்கிறது. நில உரிமை பற்றி ஊரில் பாடம் எடுக்கிறவர்களுக்கு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தம் இன்னும் நெருக்கியது. ஒரு பெரிய அமைப்பு வாங்கிய நன்கொடையைச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பது நின்றது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கியது. வாராந்திர வகுப்பு என்றால் ஆள், பெட்ரோல், ஜீப் ரிப்பேர். கட்டடம் போல நின்று காட்ட எதுவும் இராது. நான் போகும் டிரஸ்டில் வக்கீல்கள் வாரத்தில் மூன்று நாள் வெளிக்கேஸ் பார்த்து அந்தப் பணத்தில் ஜீப்பை ஓட்டுகிறார்கள். ஆணைக்குழுவின் நிதியிலிருந்து இப்படிப்பட்ட வகுப்புகளுக்கு ஆண்டு முழுவதற்குமாக ஒரு தொகை ஒதுக்கினால், ஒரு முகாமுக்குப் பந்தல் போடுகிற செலவில் பல வாரங்கள் வகுப்பு நடக்கும். தன்னார்வலரின் மதிப்பூதியமாவது மாதம் தவறாமல் வர வேண்டும். தோட்டக் கூலியை விட்டுவிட்டு வருகிற பெண்ணிடம் தொண்டு மனப்பான்மையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

போன மாதம் மழைக்காலத்து மாலை ஒன்றில் வக்கீல் ஒருவர் 2007 தீர்ப்பின் நகலை வகுப்புக்குக் கொண்டுவந்தார். அதன் தொடக்கப் பத்திகளிலேயே கூடலூர் ஜென்மச் சட்டத்தின் பெயர் வருகிறது. அந்த இடத்தை அவர் வாசிக்க, தன்னார்வலர் பணியர் மொழியில் சொன்னார். சுவரோரம் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர், அது நம்ம கூடலூரா என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். செக்‌ஷன் பதினேழு பையன் அந்த நகலை வாங்கி விளக்குப் பக்கம் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஆங்கிலம் அவனுக்கு அவ்வளவாக வராது. கூடலூர் என்ற எழுத்துகளை மட்டும் கண்டுபிடித்து விரல் வைத்தான். பிறகு, அப்ப எங்க வீடு இருக்கிற நிலம் யார் பேர்ல இருக்கு சார் என்று கேட்டான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் தாசில்தார் அலுவலகத்தைக் கேட்கலாம், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தமிழிலேயே எழுதலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், ஆனால் சர்வே எண் வேண்டுமே என்றார் வக்கீல். அடுத்த வியாழக்கிழமை அவன் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பென்சிலால், தன் வீட்டுடையதும் அக்கம்பக்கத்து பதினொரு வீடுகளுடையதுமாக எண்களை எழுதிக் கொண்டுவந்திருந்தான்.